பொம்மைக்குப் பின்னால் ஓடும் மாதச் சந்தா

"நாமதான் மாசா மாசம் பணம் கட்டுறோமே அப்பா, அப்புறம் ஏன் அந்தப் பொம்மை நமக்குக் கிடைக்காது?"

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. இணையத்தில் எங்கோ பார்த்த பொம்மை விளம்பரத்தில் "சந்தாதாரர்களுக்கு மட்டும்" என்று போட்டிருக்கிறது. வீட்டில் இணையம் வழியாகப் படம் பார்க்கும் ஸ்ட்ரீமிங் சந்தாவும் இருக்கிறது. வாங்கலாம் என்று உள்ளே போனால், உங்கள் நாட்டுக்கு இந்தச் சலுகை இல்லை என்று வருகிறது. பிள்ளை அழுகிறது, அப்பாவுக்குக் கோபம் வருகிறது. ஏன் இப்படி என்று விளக்க யாரும் இல்லை.

படம் காட்டுகிற நிறுவனத்துக்குப் பொம்மை வியாபாரம் எதற்கு? "உறுப்பினருக்கு மட்டும்" என்றால் நமக்குக் கிடைப்பது என்ன? தென்னாப்பிரிக்காவில் இருந்து கொண்டு அதை வாங்கினால் உண்மையில் எவ்வளவு ஆகும்? அடிப்படையில் இருந்தே பார்க்கலாம்.

முதலில் சொற்கள்

ஸ்ட்ரீமிங் சந்தா என்பது படத்தை விலைக்கு வாங்குவது இல்லை. ஒரு மாதத்துக்குப் பார்க்கும் அனுமதியை வாங்குவது. பணம் கட்டுவதை நிறுத்தினால் அனுமதியும் நின்றுவிடும். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. டிஸ்னி பிளஸ் 2022 மே 18 அன்று வந்தது. அப்போது அதன் விலை மாதத்துக்கு 119 ராண்ட், ஆண்டுக்கு 1,190 ராண்ட்.

சேகரிப்புப் பொம்மை என்பது விளையாடித் தேய்ப்பதற்காகச் செய்தது இல்லை. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்தது. பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் நிறைய. நம் வீடுகளில் கொலு பொம்மைகளைத் துடைத்துப் பெட்டியில் கட்டி வைக்கும் ஆயாக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மனசு புதிதாக இருக்காது.

எக்ஸ்க்ளூசிவ் என்ற சொல்தான் குழப்பத்தின் வேர். "இது வேறு எங்கும் கிடைக்காது" என்று நாம் புரிந்து கொள்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன:

1. கொசுறு. காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கிடைப்பதுபோல, சந்தா கட்டினால் பொம்மை இலவசம்.
2. தள்ளுபடி. எல்லோருக்கும் விற்கும் பொம்மைதான், சந்தாதாரருக்கு விலை கொஞ்சம் குறைவு.
3. வாங்கும் உரிமை. பொம்மைக்கு முழு விலையும் கட்ட வேண்டும். அதைக் கட்டி வாங்க அனுமதி பெறுவதற்கே சந்தா வேண்டும்.

விளம்பரத்தைப் படிக்கும்போது நம் மனசில் ஓடுவது முதல் வகை. பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதிகம் நாடுவது மூன்றாவது வகை. கொசுறு என்று நினைத்துப் போய், கடை வாசலில் நுழைவுச் சீட்டு வாங்கிவிட்டு நிற்கிறோம்.

இந்த வழி எப்போது தொடங்கியது

ஒரு பொருளை விற்க இன்னொரு பொருளைக் காட்டுவது நூறு ஆண்டுக்கும் மேலான பழக்கம். அமெரிக்காவில் கெலாக்ஸ் நிறுவனம் 1909இல் கார்ன் ஃபிளேக்ஸ் இரண்டு பெட்டி வாங்கினால் ஒரு படப் புத்தகம் கொடுத்தது. கிராக்கர் ஜாக் என்ற பொரித் தின்பண்டம் 1912இல் இருந்து பொட்டலத்துக்குள்ளேயே சிறு பரிசு போட ஆரம்பித்தது.

பொம்மையும் படமும் சேர்ந்த கதையில் 1977 முக்கியமான ஆண்டு. 'ஸ்டார் வார்ஸ்' படம் எதிர்பாராத அளவுக்கு ஓடியது. பொம்மை உரிமையை வைத்திருந்த கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. அதனால் பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறையைக் கடைகளில் விற்றார்கள். உள்ளே ஒரு சான்றிதழ், ஓர் அட்டை நிலைப்பலகை, சில ஸ்டிக்கர்கள், ஒரு ரசிகர் மன்ற உறுப்பினர் அட்டை, அவ்வளவுதான். சான்றிதழைத் தபாலில் அனுப்பியவர்களுக்கு 1978இல் நான்கு பொம்மைகள் வந்தன. "பிறகு கிடைக்கும்" என்ற வாக்குறுதியைக் காசு கொடுத்து வாங்கவும் மக்கள் தயார் என்று பொம்மைத் தொழில் அன்று தெரிந்து கொண்டது. இன்றைய முன்பதிவுகளுக்கு அந்த வெறும் உறை ஒரு முன்னோடி.

தென்னாப்பிரிக்கர்களுக்கு இதை நேரில் காட்டியது பிக் அன் பே சூப்பர் மார்க்கெட். 2015இல் 150 ராண்டுக்குச் சாமான் வாங்கினால் ஒரு ஸ்டிக்கீஸ் கொடுத்தார்கள். விரல் நுனி அளவு ரப்பர் பொம்மை. பள்ளிக்கூட மைதானங்களில் பண்டமாற்று நடந்தது. இன்னும் ஒன்று கிடைக்கட்டும் என்று 130 ராண்ட் பில்லை 150 ஆக்க எதையாவது எடுத்துப் போட்ட அம்மாக்கள் எத்தனையோ பேர். பிறகு இன்னொரு சூப்பர் மார்க்கெட்டான செக்கர்ஸ் தன் கடைச் சாமான்களையே குட்டியாகச் செய்து 'லிட்டில் ஷாப்' என்று கொடுத்தது. இவ்வளவு பிளாஸ்டிக் எதற்கு என்று அதற்கு எதிர்ப்பும் வந்தது.

ஸ்டிக்கீஸுக்கும் ஸ்ட்ரீமிங் பொம்மைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் அரிசியும் எண்ணெயும் எப்படியும் வாங்கத்தான் போகிறோம், பொம்மை அதன்மேல் வந்தது. ஸ்ட்ரீமிங்கில் அந்தக் கட்டாயம் கிடையாது. இந்த மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் சேரலாம். அந்தச் சுதந்திரம்தான் நிறுவனங்களின் தலைவலி.

விலகல் விகிதம்: எல்லாம் இதற்காகத்தான்

ஒரு மாதத்தில் சந்தாவை நிறுத்துபவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் விலகல் விகிதம். தொழிலில் இதைச் சர்ன் என்கிறார்கள். இந்த ஓர் எண்ணைப் புரிந்துகொண்டால் பொம்மை ஏன் வந்தது என்பது விளங்கிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். விலைக்கு டிஸ்னி பிளஸ் இங்கே வந்தபோது வைத்த 119 ராண்டையே எடுத்துக் கொள்வோம்.

1. மாதம் நூற்றுக்கு 5 பேர் விலகுகிறார்கள் என்றால், ஒருவர் சராசரியாக 20 மாதம் இருப்பார் (100-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும்). அவரிடம் இருந்து வரும் மொத்தம் 119 × 20 = 2,380 ராண்ட்.
2. அதையே நூற்றுக்கு 4 பேராகக் குறைத்தால் சராசரி 25 மாதம். மொத்தம் 119 × 25 = 2,975 ராண்ட்.
3. வேறுபாடு ஒரு சந்தாதாரருக்கு 595 ராண்ட். பத்தாயிரம் பேருக்கு 59.5 இலட்சம் ராண்ட்.

நூற்றில் ஒரே ஓர் ஆளைப் போகாமல் பிடித்து வைத்ததற்கு இவ்வளவு. இதைச் சாதிக்க ஒரு பொம்மை போதும் என்றால், அந்தப் பொம்மையில் இலாபமே வராவிட்டாலும் நிறுவனத்துக்கு நட்டம் கிடையாது. சந்தாவைக் காக்கும் செலவாக அதை எழுதிக் கொள்வார்கள்.

பல ஆண்டுகளாக இந்தத் துறையில் யாரும் விலகலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை, ஏனென்றால் புதியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 2022இன் முதல் காலாண்டில் நெட்ஃபிளிக்ஸ் 2 இலட்சம் சந்தாதாரர்களை இழந்தது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அப்படி நடந்ததில்லை. அடுத்த காலாண்டில் கிட்டத்தட்ட 10 இலட்சம் பேர் போனார்கள். புதியவர்களைப் பிடிப்பதைவிட இருப்பவர்களைப் பிடித்து வைப்பது முக்கியம் என்ற பேச்சு எல்லா நிறுவனங்களிலும் அப்போது வலுத்தது.

இதில் அவர்களை அதிகம் கலங்கவைப்பது ஒரு குறிப்பிட்ட பழக்கம். ஒரு தொடர் வரும்போது சேர்வது, அது முடிந்ததும் நிறுத்துவது, அடுத்த ஆண்டு திரும்பச் சேர்வது. பணத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது நியாயமான வழி, இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் நிறுவனத்துக்குத் தொடருக்கும் தொடருக்கும் நடுவே ஒரு பாலம் தேவைப்படுகிறது. "அடுத்த மாதம் உறுப்பினருக்கு மட்டும் ஒரு பொம்மை வரப்போகிறது" என்ற அறிவிப்பு அந்தப் பாலம்.

போஸ்டர் இல்லை, தொப்பி இல்லை, ஏன் பொம்மை?

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன. முதல் காரணம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, அதனால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

1. கையில் எதுவும் இல்லை என்ற வெறுமை. வீடியோ கேசட், டிவிடி காலத்தில் பிடித்த படத்தை வாங்கினால் அது நம் வீட்டுப் பொருள். இப்போது பத்து ஆண்டு சந்தா கட்டினாலும் கையில் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. போதாததற்குப் பார்த்த தொடரும் காணாமல் போகிறது. டிஸ்னி பிளஸில் 'வில்லோ' என்ற தொடர் 2022 நவம்பர் கடைசியில் தொடங்கி 2023 ஜனவரியில் முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் சேவையில் இருந்தே எடுத்துவிட்டார்கள். முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இப்படிப்பட்ட ஓர் உலகத்தில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொம்மைக்குத் தனி மதிப்பு வருகிறது. படத்தின் மேல் இருக்கும் பாசத்தை வைக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? அந்த ஏக்கம் பொய்யானது இல்லை. அதைத்தான் விலை பேசுகிறார்கள்.

2. வாங்குபவர் பெரியவர். சந்தா கட்டும் அட்டை குழந்தையிடம் இல்லை, அப்பாவிடமும் சித்தியிடமும் இருக்கிறது. பொம்மைச் சந்தையும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2024இன் முதல் காலாண்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பொம்மை விற்பனை, 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கான விற்பனையைத் தாண்டியது என்று சர்க்கானா என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது.

3. கதாபாத்திரம் அவர்களுடையதே. புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை, உரிமம் கொடுத்தால் போதும்.

நடந்தவை சில

2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் அமெரிக்காவில் தொடங்கியபோது 'தி மாண்டலோரியன்' தொடரில் 'பேபி யோடா' என்று ரசிகர்கள் அழைத்த பச்சை நிறக் குழந்தை ஒன்று வந்து உலகத்தையே மயக்கியது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அதன் பொம்மை கடைகளில் இல்லை. முன்கூட்டியே பொம்மை செய்யக் கொடுத்திருந்தால் அதன் உருவம் வெளியே கசிந்து, குழந்தை வருகிற ரகசியம் உடைந்திருக்கும். அதனால் வேண்டுமென்றே காத்தார்கள். பொம்மை விற்பனையைவிடச் சந்தா பெரிது என்று ஒரு நிறுவனம் எடுத்த முடிவு அது.

மூன்று ஆண்டு கழித்து, 2022 நவம்பர் 1 முதல் 8 வரை, டிஸ்னி பிளஸ் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தியது. செயலிக்குள் சில படங்களின் பக்கத்தில் கியூஆர் கோடு வரும். அதை ஃபோனில் ஸ்கேன் செய்தால் டிஸ்னியின் இணையக் கடைக்குப் போகும். சில பொருள்களை மற்றவர்களுக்கு முன்னால் அங்கே வாங்கலாம், சில பொருள்கள் சந்தாதாரருக்கு மட்டுமே. அமெரிக்காவில் இருக்கும், 18 வயது நிரம்பிய கணக்குதாரருக்கே அந்த அனுமதி. மேலே சொன்ன மூன்றாவது வகைக்கு இது தெளிவான உதாரணம். முழு விலையும் கட்டியாக வேண்டும், சந்தா வாசலைத் திறந்து மட்டும் விடும். முந்தி வாங்கலாம் என்ற பொருள்களில் "எக்ஸ்க்ளூசிவ்" என்பது ஒரு தேதி. அந்தத் தேதி கடந்தால் சொல்லும் காலாவதியாகிவிடும்.

அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைக் காட்டும் கிரன்சிரோல் 2020இல் வேறு வழி பிடித்தது. 7.99, 9.99, 14.99 டாலர் என்று மூன்று படி வைத்தது. மேல்படியில் 12 மாதம் தொடர்ந்து இருந்தால் ஒரு பரிசுப் பை. பார்க்கக் கொசுறுபோலத்தான் இருக்கிறது. அப்போது நடுப்படிக்கும் மேல்படிக்கும் வேறுபாடு மாதம் 5 டாலர், ஆண்டுக்கு 60 டாலர். மேல்படியில் வேறு வசதிகளும் உண்டுதான். ஆனால் பைக்காகவே ஒருவர் படியேறினால் அந்தப் பையின் விலை 60 டாலர், அதுவும் ஓராண்டு முன்பணமாக.

டிசி காமிக்ஸ் கதைகளுக்காகவே 2018 செப்டம்பரில் தொடங்கிய டிசி யூனிவர்ஸ் என்ற சேவை மாதம் 7.99 டாலர் வாங்கியது. 2021 ஜனவரியில் அது காமிக்ஸ் மட்டும் படிக்கும் சேவையாக மாறிவிட்டது, தொடர்கள் எச்பிஓ மேக்ஸுக்குப் போய்விட்டன. சேவையே இரண்டரை ஆண்டு நிலைக்கவில்லை என்றால் "உறுப்பினர்" என்ற அந்தஸ்துக்கு ஆயுள் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

நேரம் தப்பிய கதையும் ஒன்று உண்டு. 2025 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'கேபாப் டீமன் ஹண்டர்ஸ்' என்ற அனிமேஷன் படம் யாரும் எதிர்பாராத அளவுக்கு ஓடியது. மேட்டல், ஹாஸ்ப்ரோ இரண்டும் பொம்மை செய்யும் என்ற அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது. பொம்மைகள் கடைக்கு வரும் காலம் என்று சொன்னது 2026. 1977இன் வெறும் உறையை நினைவூட்டும் நிலைமை. ஒரு பொம்மை வரைபடத்தில் இருந்து அலமாரிக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதை எந்தச் செயலியாலும் சுருக்க முடியாது.

அபூர்வம் எப்படி உண்டாகிறது

பிளாஸ்டிக் பொம்மையில் பெரிய செலவு பிளாஸ்டிக் இல்லை, அச்சு. எஃகில் வெட்டிய அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி வார்க்கிறார்கள். அச்சு ஒரு தடவை செய்தால் போதும், ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். அதனால் "சிறப்புப் பதிப்பு" என்று வருவது பல நேரம் அதே அச்சில் வார்த்து வேறு நிறம் அடித்தது. தங்க நிறம், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், கையில் ஒரு கூடுதல் வாள். இப்படி மாற்றச் செலவு குறைவு. விலையைத் தூக்குவது "எக்ஸ்க்ளூசிவ்" என்ற ஸ்டிக்கரும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும்.

அதனால் எல்லாச் சேகரிப்புப் பொம்மையும் போலி அபூர்வம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல சிற்பியின் கை பட்ட உருவங்கள் உண்டு, அவற்றைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அபூர்வம் என்பதற்காகவே விலை ஏறும் என்று நம்பி வாங்குபவர்கள் 2023ஐ மறக்கக் கூடாது. பெரிய தலைச் சிறு பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஃபங்கோ நிறுவனம் கிடங்கில் தேங்கிய சரக்கை, 3 கோடியில் இருந்து 3.6 கோடி டாலர் வரை மதிப்புள்ளதை, அழிக்கப்போவதாக அந்த ஆண்டு அறிவித்தது. வைத்துக் காக்கும் செலவு பொம்மையின் மதிப்பைத் தாண்டிவிட்டது. சேகரிப்பவர் அலமாரியில் பத்திரமாக வைக்கும் பொருளைச் செய்தவரே குப்பைக்கு அனுப்ப நேர்ந்தது.

நம் வாசலில் வந்து நிற்கும் கணக்கு

சரி, டர்பனில் கதவு ஏன் மூடியிருக்கிறது?

படத்துக்கும் பொம்மைக்கும் உரிமம் தனித்தனி, இரண்டும் நாட்டுக்கு நாடு பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. படத்தை இங்கே காட்டும் உரிமை இருப்பதால் பொம்மையை இங்கே விற்கும் உரிமை தானாக வந்துவிடாது. இணையக் கடை எந்த நாட்டுக்கு அனுப்பும், எந்த நாட்டு அட்டையை ஏற்கும் என்பதும் தனி முடிவு. நாம் மாதாமாதம் கட்டும் ராண்டுக்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது காணொளி மட்டும்தான். சந்தா விலை நாட்டுக்கு நாடு மாறுகிறது என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இங்கே உள்ள பிள்ளையின் கண்ணிலும் படுகிற விளம்பரத்தில் அந்த வரம்பைச் சின்ன எழுத்தில் ஒளித்து வைப்பது நியாயம் இல்லை என்பது என் கருத்து.

சிலர் அமெரிக்க முகவரி தரும் மறு அனுப்பல் சேவை வழியாக வரவழைக்கிறார்கள். அப்படி 30 டாலர் பொம்மை ஒன்றை வாங்கினால் என்ன ஆகும்? கணக்கு எளிதாக இருக்க ஒரு டாலர் 18 ராண்ட் என்றும், கொரியர் கட்டணம் 35 டாலர் என்றும், பொம்மைக்குச் சுங்கத் தீர்வை இல்லை என்றும் வைத்துக் கொள்வோம்.

1. பொம்மை: 540 ராண்ட்.
2. கொரியர்: 630 ராண்ட்.
3. மதிப்புக் கூட்டு வரி. இது 540 மேல் நேராக 15 சதவீதம் இல்லை. பொதுவான இறக்குமதிக் கணக்கில் பொருளின் சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, தீர்வை இருந்தால் அதையும் சேர்த்து, அதன்மேல் 15 சதவீதம் போடுவார்கள். 540 + 54 = 594. அதில் 15 சதவீதம் 89 ராண்ட் 10 சென்ட்.
4. மொத்தம் 1,259 ராண்டுக்கு மேல். இதன்மேல் கொரியர்காரர் சுங்கத்தில் எடுத்துத் தருவதற்கு வாங்கும் கட்டணம். அதன்மேல் சந்தா.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது சரியாக இதைத்தான். முன்பு 500 ராண்டுக்குக் கீழ் உள்ள சிறு பொட்டலங்களுக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லாமல் ஒரே சீராக 20 சதவீதம் வாங்கிவிட்டு விட்டுவிடுவார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் அவற்றுக்கும் அந்த வரி வந்துவிட்டது. ஆகவே சின்னப் பொம்மைதானே, வரி வராது என்ற பழைய நம்பிக்கை இனி உதவாது. சாதாரணத் தபாலில் வரட்டும் என்று விட்டுவிடவும் தயக்கமாக இருக்கிறது. தென்னாப்பிரிக்க அஞ்சல் நிறுவனம் 2023 ஜூலையில் தொழில் மீட்பு நடவடிக்கையின் கீழ், அதாவது நொடிந்த நிறுவனத்தைக் காப்பாற்றும் சட்ட ஏற்பாட்டின் கீழ் போனது.

சட்டம் எதுவரை உதவும்

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதோடு நேராகத் தொடர்புள்ள இரண்டு பிரிவுகள் இருக்கின்றன.

பிரிவு 13. ஒன்றை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே தீர வேண்டும் என்று விற்பவர் நிபந்தனை போடக் கூடாது. மூன்று விதிவிலக்குகள் உண்டு. சேர்த்து விற்பதில் நுகர்வோருக்குக் கிடைக்கும் வசதி அவர் இழக்கும் தேர்வுரிமையைவிடப் பெரிது என்று காட்டலாம், பண ஆதாயம் உண்டு என்று காட்டலாம், அல்லது இரண்டையும் தனித்தனி விலையிலும் விற்கலாம். "சந்தாதாரர் முதலில், மற்றவர்கள் பிறகு" என்ற ஏற்பாடு மூன்றாவது வழியில் எளிதாகத் தப்பித்துக் கொள்ளும். சந்தா இல்லாதவர் ஒருபோதும் வாங்கவே முடியாது என்றால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

பிரிவு 30. இன்ன விலைக்கு இன்ன பொருள் இருக்கிறது என்று ஆசை காட்டிவிட்டு, அது கிடைக்கும் என்று நுகர்வோரைத் தவறாக நம்பவைக்கக் கூடாது. எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால் அதைச் சொல்ல வேண்டும், சொன்ன அளவு வரையாவது கொடுக்க வேண்டும். இங்கே உள்ள நுகர்வோரைக் குறிவைத்து ராண்டில் விலை போட்டு வரும் விளம்பரத்துக்கு இது பொருந்தும். அமெரிக்கருக்காக அமெரிக்காவில் போட்ட விளம்பரம் நம் ஃபோனில் வந்து விழுந்தால் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு சட்டம் 2002ஆம் ஆண்டின் 25ஆம் எண் மின்னணுத் தகவல்தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம். அதன் 44ஆம் பிரிவின்படி இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. வெளிநாட்டுச் சட்டத்தின்படி நடந்த விற்பனைக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் 540 ராண்ட் பொம்மைக்காக இன்னொரு நாட்டுக் கடைக்காரரை யார் துரத்துவார்? சந்தாவுக்கு இந்த 7 நாள் பெரும்பாலும் உதவாது. நம் சம்மதத்தோடு சேவை தொடங்கிவிட்டால், அதாவது படம் பார்க்க ஆரம்பித்துவிட்டால், அந்த உரிமை போய்விடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. இது கொசுறா, தள்ளுபடியா, வாங்கும் உரிமையா? விளம்பரத்தில் "இலவசம்" என்ற சொல் இல்லை என்றால் மூன்றாவது என்றே எடுத்துக் கொள்ளுங்கள்.
2. "உறுப்பினருக்கு மட்டும்" என்பது எந்தத் தேதி வரை? தேதி போட்டிருந்தால் பிறகு எல்லோருக்கும் விற்க வாய்ப்பு அதிகம். அதே உருவத்தின் சாதாரணப் பதிப்பு டேக்கலாட் என்ற உள்ளூர் இணையக் கடையிலோ டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக் கடையிலோ, வரியும் கொரியரும் தனியாகக் கட்டாமல், கிடைக்கிறதா என்று அதற்குள் பார்த்துவிடலாம்.
3. பொம்மை இல்லை என்றால் இந்த மாதம் இந்தச் சந்தாவை வைத்திருப்பீர்களா? இல்லை என்றால் அந்த மாதச் சந்தாவையும் பொம்மையின் விலையோடு கூட்டிப் பாருங்கள். மூன்று மாதம் காத்திருந்து வாங்கினால் மூன்று மாதத்தையும் கூட்டுங்கள்.
4. உள்ளூரில் மறுவிற்பனையில் வாங்குவதாக இருந்தால் பெட்டியின் எழுத்துப்பிழை, அச்சின் மங்கல், உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர் மூன்றையும் பாருங்கள். லபூபு பொம்மைக்கு 2025இல் வந்த கள்ளப் பதிப்புகளுக்கு லஃபூஃபு என்று தனிப் பெயரே வைக்கும் அளவுக்குப் போலிகள் பெருகிக் கிடக்கின்றன. கள்ளப் பொம்மையின் சாயத்திலும் பிளாஸ்டிக்கிலும் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.
5. பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் படியுங்கள். சேகரிப்புப் பொம்மைகளில் 14 வயதுக்கு மேல், 15 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பது சாதாரணம். எளிதில் கழன்று வரும் சிறு பாகங்களும் கூர்முனைகளும் இருக்கும். அலமாரிக்காகச் செய்த பொருளை நான்கு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால் அது வாய்க்குத்தான் போகும்.